சைக்கிளுக்குச் சாட்சி

சைக்கிளில் வருபவர்கள் இருட்டுவதற்குள் போய்ச்சேர அரைமணி முன்னதாகவே வீட்டுக்குப் போகலாம் என்று அந்தப் பனியன் கம்பெனியில் ஒரு சலுகை இருந்தது. மடிப்பு வேலை பார்க்கும் செல்லக்கிளிக்கு அதிலேயே வில்லங்கம் வந்தது.

"நீ பஸ்ஸில் வந்துட்டுப் பொய் சொல்றே. நாளைக்குள்ள சாட்சி காட்டு, இல்லேன்னா வேலை கிடையாது" என்றார் மேனேஜர் தண்டபாணி, முதலாளி முன்னாலேயே.

தனியாக வருபவளுக்கு யார் சாட்சி? செல்லக்கிளி முதலாளி பக்கம் திரும்பினாள்.

"மேனேஜர் சாரே சாட்சிங்க. தினமும் எட்டரைக்கு வந்ததா வருகை நோட்டில் கையெழுத்துப் போட்டிருக்காருங்க. அதே நேரத்துக்குத்தான் நானும் கேட்டில் சைக்கிளை விட்டு இறங்கறேன்."

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். "பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை என்றால், தான் பத்து மணிக்கு வருகிற குட்டு உடைந்துவிடும். தண்டபாணி அவசரமாகத் தலையாட்டினார். "பார்த்தேனுங்க."

"தினமும் பார்த்தவரு எதுக்குச் சாட்சி கேட்டீங்க?"

செல்லக்கிளி அன்றும் அரைமணி முன்னதாகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.