பாலே கதைக்கு ஓர் உரை

மரகதம்மாவின் ஆசிரமம் கோபிச்செட்டிபாளையத்துக்கு வெளியே, வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. ஆசிரமம் என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. ஓடு போட்ட கூடம், ஒரு சமையலறை, இரண்டு மாடு, அவ்வளவுதான். மாலையில் அங்கே பாடம் நடக்கும். ஒருவர் பழைய தத்துவ நூலிலிருந்து ஒரு செய்யுளை வாசிப்பார். இன்னொருவர் அதற்கு உட்பொருள் சொல்ல வேண்டும்.

உட்பொருள் சொல்வதில் சென்னியப்பனை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. செய்யுளில் யானை வந்தால் அது ஆணவம் என்பார். ஆறு வந்தால் பிறவி என்பார். யானை வெறும் யானையாக நடந்து போக அவர் ஒரு நாளும் விட்டதில்லை.

அவருக்கு ஐம்பது வயது. மரகதம்மா அவரைவிட இளையவர். குருவை அவர் அம்மா என்று கூப்பிடுவார். குரு அவரை அண்ணா என்று கூப்பிடுவார்.

அந்த வெள்ளிக்கிழமை சென்னியப்பன் பாடத்துக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டார். கூடத்தில் உட்கார்ந்தார். எழுந்தார். மாட்டைப் பார்க்கப் போனார், பார்க்காமலே திரும்பி வந்தார். மரகதம்மா தூணோரமாக உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்கண்ணா. மாடு மிரளுது."

சென்னியப்பன் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"மனசு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதுங்கம்மா. இத்தனை வருசம் படிச்சு என்ன பிரயோசனம்?"

"என்னாச்சு?"

அவர் சொன்னார். மனைவி வசந்தாமணி இறந்து ஆறு மாதம் ஆகிறது. எட்டு வயது மகள் மேகலாவும் அவரும்தான் வீட்டில். போன வாரம் திருப்பூரிலிருந்து மேகலாவின் தாய்மாமன் வந்திருந்தான். பிள்ளையை நான் கூட்டிப்போய் வளர்க்கிறேன், இங்கே அவளை யார் பார்ப்பார்கள் என்றான். பிள்ளையிடமே கேட்டுவிடலாம் என்று கேட்டார்கள். மேகலா அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே, போகிறேன் என்று தலையாட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாமனின் கார் வருகிறது.

"ஏன் அப்படித் தலையாட்டுச்சு?"

"எல்லாம் இந்தப் புஸ்தகத்தாலதானுங்க" என்று சென்னியப்பன் பைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். குழந்தைகளுக்கான மாயக்கதை. அட்டையில் வெள்ளை கவுன் போட்ட ஒரு சிறுமி கால்விரல் நுனியில் நின்றுகொண்டிருந்தாள்.

மரகதம்மா கையை நீட்டவில்லை.

"பிள்ளைகிட்டக் கேட்டு எடுத்தாந்தீங்களா?"

"இல்லீங்க. அவ அரிசி டிரம்முக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தா. பள்ளிக்கூடம் போனதுக்கப்புறம் எடுத்தேன்."

"அப்ப நான் தொட மாட்டேன். கதையைச் சொல்லுங்க."

பனி கொட்டும் ஓர் ஊர். அங்கே பாலே என்று ஒரு ஆட்டம் உண்டு. முழு உடம்பையும் விரல் நுனியில் தாங்கி ஆட வேண்டும். ஒரு மந்திரவாதி அந்த ஊர்ச் சனங்களையெல்லாம் மரப்பொம்மைகளாக்கி நாடகக் கொட்டகையில் வரிசையாக உட்கார வைத்துவிட்டான். சிறுமியின் அம்மாவும் முன்வரிசையில் ஒரு பொம்மை. விடிகிற வரைக்கும் சிறுமி விரல் நுனியை விட்டு இறங்காமல் ஆடினால் எல்லோருக்கும் உயிர் வரும். இறங்கிவிட்டால் அவளும் பொம்மையாகிவிடுவாள். வசந்தாமணி இந்த இடம் வரைக்கும் மகளுக்குப் படித்துக் காட்டியிருந்தாள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பி வரவில்லை.

மாமன் வருவதற்குச் சில நாள் முன்னால் மேகலா அந்தப் புத்தகத்தைத் தானாகக் கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைத்தாள். அம்மா போன பிறகு அவள் அவரிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. சென்னியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மனிதர் பிள்ளைக்குத் தெரியாமல் கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் படித்து, உட்பொருளையும் பிடித்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் வாசிக்கவே உட்கார்ந்தார்.

முதல் நாள், மந்திரவாதி என்பது மனம் என்று விளக்கினார். பிள்ளை பொறுத்துக்கொண்டது. மறுநாள், முன்வரிசையில் இருக்கும் அம்மா பொம்மை என்பது பாசம், அறுக்க வேண்டிய கட்டு என்றார்.

மரகதம்மாவின் கை புளியில் அப்படியே நின்றது.

"அம்மா பொம்மையை அறுக்கணும்னு சொன்னீங்களா?"

"நூல்படி அதுதானுங்களே சரி?"

மரகதம்மா ஒரு கொட்டையைப் பிதுக்கி முறத்தில் போட்டார். சென்னியப்பன்தான் தொடர்ந்தார். மூன்றாம் நாள் மேகலா அவரை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டாளாம்.

"'அந்தப் புள்ளைக்குக் கால் வலிக்காதாப்பா'ன்னு கேட்டா. வலி உடம்புக்குத்தான் கண்ணு, ஆத்மாவுக்குக் கிடையாது, அறிஞ்சவங்களுக்கு வலியே இல்லைன்னு சொன்னேன். புஸ்தகத்தை மூடி எடுத்துட்டுப் போயிட்டா. அன்னையிலிருந்து எங்கிட்டப் பேசறதில்லைங்கம்மா."

 புத்தகத்தை அட்டை தெரியத் தரையில் வைத்தார்.

"எங்கியோ உட்பொருள்ல பிசகிட்டேன். அதைத் திருத்திக் குடுங்க. நாளைக்குள்ள சரியானதைச் சொல்லிட்டா அவ போக மாட்டா."

பாவம், இன்னும் உரையைத்தான் திருத்திக்கொண்டிருந்தார்.

மரகதம்மா அட்டைப் படத்தைத் தள்ளி இருந்தபடியே உற்றுப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சேலைக் கொசுவத்தை இடுப்பில் தூக்கிச் செருகினார். தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கினார். இன்னும் தூக்கி, விரல் நுனிக்கு வரப் பார்த்தார். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "அம்மாடி" என்று தூணைக் கட்டிக்கொண்டார்.

சென்னியப்பன் பதறி எழுந்தார்.

"நீங்க நில்லுங்க" என்றார் குரு.

"நானுங்களா?"

பாடத்துக்கு இரண்டு பேர் சீக்கிரமாகவே வந்து வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். சென்னியப்பனுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. குருவோ தூணை விட்டு விலகி, அவருக்கு இடம் விட்டு நின்றார். வேறு வழியில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூணைப் பிடித்தார். தொந்தியும் தானுமாக விரல் நுனிக்கு ஏறினார்.

அந்த நிலையிலும் அவருக்கு ஒன்று தோன்றிவிட்டது.

"இது மனசை ஒரு புள்ளியில நிறுத்தறதைத்தானே குறிக்..."

"பேசாம நில்லுங்க."

நின்றார். கெண்டைக்கால் நடுங்கியது. ஐம்பது வருஷத்து உடம்பு முழுவதும் இரண்டு கட்டைவிரலில் வந்து இறங்கியிருந்தது. நகக்கண்ணில் தீ வைத்ததுபோல இருந்தது. இறங்கப் பார்த்தார்.

"இன்னும் விடியலைங்கண்ணா" என்றார் மரகதம்மா.

வாசலில் நின்ற இருவரும் சிரிக்கத் தொடங்கி, சென்னியப்பனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"இப்பச் சொல்லுங்க. அந்தப் புள்ளைக்கு வலிக்குமா, வலிக்காதா?"

"வலிக்கும்."

"சரியாக் கேக்கலை."

"வலிக்குதுங்கம்மா. ரொம்ப வலிக்குது."

இறங்கினார். நிற்க முடியாமல் தூணடியிலேயே உட்கார்ந்து பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் பேசியதை அந்தக் கூடத்தில் யாரும் அதுவரை கேட்டதில்லை. அதில் ஒரு செய்யுள்கூட இல்லை.

"வசந்தாமணி போனதிலிருந்து வலிக்குதுங்க. தலை பின்னிவிட எனக்கு வர மாட்டேங்குது. தெனமும் கோணலாத்தான் பின்னி அனுப்பறேன். பிள்ளை கண்ணாடியில பாக்கும், ஒரு வார்த்தை சொல்லாது, பையை எடுத்துக்கிட்டுப் போயிரும். அழுதுருவனோன்னு பயந்துதான் வாயைத் தொறந்தாத் தத்துவம் பேசறேன். பிள்ளையும் போயிட்டா அந்த ஊட்டுக்குள்ள நான் என்னங்கம்மா பண்ணுவேன்? என்னை உட்டுட்டுப் போயிராத கண்ணுன்னு சொல்லத்தான் தோணுது. சொல்ல வர மாட்டேங்குது."

கண்ணீர் மீசையில் இறங்கியது. அதை அவர் துடைக்கவும் இல்லை.

மரகதம்மா கேட்டுக்கொண்டிருந்தார். சென்னியப்பன் பேசி முடித்ததும் பழையபடி உட்கார்ந்து முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதை ஏனுங்கண்ணா எங்கிட்டச் சொல்றீங்க? பள்ளிக்கூடம் விடற நேரமாச்சு."