நாலு இல்லாத கடை

பினாங்கில் தண்டாயுதம் முதலாளியின் சாப்பாட்டுக் கடைக்குச் சீனர்கள் நிறைய வருவார்கள். சீனத்தில் நாலுக்கும் சாவுக்கும் கிட்டத்தட்ட ஒரே ஓசை. அந்த எண்ணின் பெயரைச் சீனத்திலிருந்து கடன் வாங்கிய ஜப்பான்காரருக்கும் கொரியாக்காரருக்கும்கூட அதே பயம். சீன வாடிக்கையாளர் காசின் மேல் பக்தி கொண்ட முதலாளி, "கடைக்குள்ளே எந்தப் பாஷையிலேயும் நாலுன்னு சொன்னவனுக்கு அன்னிக்கே வேலை போச்சு" என்று சட்டம் போட்டார்.

பரிமாறுகிற இருளப்பன் ஒருநாள் மறந்துபோய், "நாலு தோசை!" என்று உள்ளே பார்த்துக் கூவிவிட்டான்.

"வெளியே போடா!"

இருளப்பன் கையைக் கட்டிக்கொண்டான். "ஒரு வார்த்தைக்கு வேலை போகுமா? உங்க பேச்சுக்கு அவ்வளவு மதிப்பா முதலாளி?"

"பின்னே? நாலு பேர் மதிக்கிற மனுஷன்டா நான்!"

சமையல்கட்டே சிரித்தது.

இருளப்பன் பணிவாகக் கதவைத் திறந்துவிட்டான். "பெரியவங்க நீங்க, முன்னாலே போங்க. நான் பின்னாலே வர்றேன்."

இருவருமே போகவில்லை. சட்டம்தான் போனது.