குளத்து இலையும் மூணாம் ஆளும்

நெட்டக்காட்டுக் குளத்துல வல்லின்னு ஒரு தவளை. மழை விட்ட கையோட நானூறு தலைப்பிரட்டை பொரிச்சா. அதுல தினம் பத்துப் பதினஞ்சு வெள்ளை வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்க ஆரம்பிச்சிருச்சு. இப்ப மிச்சம் நாப்பதுதான். தண்ணியை நாக்குல வச்சா ஒரே கசப்பு!

அந்தக் காட்டுல ஒரு வழக்கம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நீர்நாய் குளத்துத் தண்ணியை ருசி பார்க்கும். நல்லதா கெட்டதான்னு ஒரு தேக்கிலையில கீறி நரி ஆபீஸ்ல குடுக்கும். யாரு கேட்டாலும் இலையைக் காட்டணும்னு சட்டமே இருக்கு.

வல்லி நீர்நாயைக் கேட்டா. "வாயைத் திறந்தா வேலை போயிடும் தாயி"ன்னு அது முங்கினது முங்கினதுதான். சரின்னு குளக்கரையில இருக்கிற நரி ஆபீசுக்கே தத்திப் போனா.

நரி சுரைக்குடுக்கையில மலை ஊத்துத் தண்ணி குடிச்சிட்டு உக்காந்திருந்துச்சு. வாலுல புலி மாதிரி புதுசா கறுப்புக் கோடு.

"வாலு ஜோரா இருக்கே ஆபீசரய்யா!"

"பரம்பரைக் கோடு. உனக்கு என்ன வேணும்?"

"குளத்து இலை. எம்புள்ளைங்க செத்துக்கிட்டே இருக்கு."

நரி சட்டத்தைப் பிரிச்சுது. "குடுக்க முடியாது. விலக்கு ஒண்ணு, காட்டுப் பாதுகாப்பு! எதிரிக் காட்டுக்காரனுக்குத் தெரிஞ்சா என்னாகும்?"

"என்னாகும்? படையோட வந்து குடிச்சிட்டுச் சாவான். நல்லதுதானே!"

"விலக்கு ரெண்டு, விசாரணையில இருக்கு!"

"யாரு விசாரிக்கிறா?"

"ஆமை."

"எங்க வரைக்கும் வந்திருக்காரு?"

"கிளம்பிட்டாரு."

வல்லிக்குத் தொண்டை உப்பிடுச்சு. "ஆபீசரய்யா, அவரு வந்து சேர்றதுக்குள்ள எம்வம்சமே முடிஞ்சிரும்!"

"விலக்கு மூணு, தனிப்பட்ட விஷயம்!"

"யாரோட தனிப்பட்ட விஷயம்? தண்ணியோடதா? தண்ணிக்கு என்ன, கல்யாணம் பேசியிருக்கீங்களா?"

தண்ணி குடிக்க வந்த மானும் ஆனையும் சிரிச்சிருச்சு. நரிக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. "விலக்கு நாலு! மூணாம் ஆளோட தொழில் ரகசியம்! போ, போ!"

வழக்கமா மூணாவது விலக்குலயே கேக்க வந்தவங்க சலிச்சுப் போய் வீட்டுக்குத் திரும்பிடுவாங்க. அதனால நாலாவதுக்குக் கீழ எழுதியிருக்கிறதை நரி படிச்சதே இல்ல. வல்லிக்கு அது மனப்பாடம். சட்டம் போட்ட அன்னிக்குப் பாறை மேல உக்காந்து அதைக் காட்டுக்கே கத்திச் சொன்னது அவதான்.

"நாலாவதுன்னா அந்த மூணாம் ஆளைக் கூப்பிட்டுக் கேக்கணும். அவரே வந்து, எல்லார் முன்னாடியும் பேரு, இடம், தொழில் சொல்லி, ஆட்சேபம் இருக்குன்னு சொல்லணும். கீழ பாருங்க!"

நரி பார்த்துச்சு. அட, ஆமா! 'அவன் வந்து ஒரு வார்த்தை முடியாதுன்னு சொல்லிட்டா இந்தத் தவளை தொல்லை ஒழிஞ்சுது'ன்னு உள்ளுக்குள்ள ஒரே குஷி. உடனே கூட்டிட்டு வரச் சொல்லிக் காக்காயை அனுப்புச்சு.

கழுதைப்புலி ஒண்ணு ஆடி அசைஞ்சு வந்து பாறையில ஏறுச்சு.

"பேரு?"ன்னு வல்லி ஆரம்பிச்சா.

"பட்டறைக்காரன் வரியண்ணன்."

"இடம்?"

"குளத்துக்குத் தண்ணி வருதே, அந்த மேல் ஓடைக் குகை."

"தொழில்?"

"சாயப்பட்டறை! பூனைக்கெல்லாம் புலிக்கோடு போட்டுத் தர்றேன். நம்ம ஆபீசர் வாலுகூட நம்ம கைவேலைதான்! சாயத்துல எட்டிக்கொட்டை எத்தனை கூடை அரைச்சுப் போடுறேங்கிறது என் தொழில் ரகசியம். அதனால இலையைக் காட்டக் கூடாது. ஆட்சேபம்! ஆட்சேபம்! ஆட்சேபம்!"

எட்டிக்கொட்டை விஷம்னு மான்குட்டிக்குக்கூடத் தெரியும். தும்பிக்கையில உறிஞ்சியிருந்த தண்ணியை ஆனை அப்படியே துப்புச்சு. விறுவிறுன்னு மேல் ஓடைக்கு நடந்துச்சு. மொத்தக் காடும் பின்னாலயே போய்ச் சாயத்தொட்டியை மிதிச்சு நொறுக்கிருச்சு. கழுதைப்புலி பக்கத்துக் காட்டுக்கு ஓடினதுதான், திரும்பல.

நரி இலையைத் தூக்கிட்டு ஓடி வந்துச்சு. "இந்தாம்மா, இப்ப பார்க்கலாம்! விதிப்படி இப்ப தடையில்ல!"

வல்லி பார்த்தா. 'குடிச்சா சாவு'ன்னு கீறியிருந்துச்சு. கீழ தேதி. மூணு பௌர்ணமிக்கு முந்தினது.

"அடப்பாவி! அன்னிக்கே உனக்குத் தெரியுமா? காட்டியிருந்தா வேற குட்டையில போய்ப் பொரிச்சிருப்பேனே! நானூறும் உசிரோட இருந்திருக்குமே!"

"நான் விதிப்படிதானே..."

"எம்புள்ளைங்க எந்த விதிப்படிடா செத்துச்சு?"

ஆனை சுரைக்குடுக்கையை எடுத்து ஊத்துத் தண்ணியைக் கொட்டுச்சு. குளத்துத் தண்ணியை அதுல முட்ட மொண்டு நரி முன்னாடி வச்சுச்சு.

"குடிங்க ஆபீசர்! இதுக்கு எத்தனாவது விலக்குன்னு பார்த்துச் சொல்லிட்டுக் குடிங்க!"

நரி குடுக்கையைப் பார்த்துச்சு, எல்லார் மூஞ்சியையும் பார்த்துச்சு. கோடு போட்ட வாலைக் காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டு எடுத்துச்சு பாரு ஓட்டம்!

ஊர் குடிக்கிற தண்ணியைப் பத்தி ஊருக்கே சொல்ல மாட்டேன்னு ஒருத்தன் சட்டம் பேசினா, அவன் காப்பாத்துறது ஊரை இல்ல, யாரோ ஒருத்தனைத்தான். அது யாருன்னு கேக்காம வீட்டுக்குத் திரும்பாதீங்க.