கடல்பசு எலும்பும் காளான் குழம்பும்

கீழமங்கலம் ஜமீன்தார் வீட்டுக் கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு விலா எலும்பு தொங்கும். வடகடலில் யானையைவிடப் பெரிதாக வாழ்ந்து, அடியோடு அழிந்துபோன கடல்பசுவின் எலும்பாம். அதைப் புகழாமல் அந்த வீட்டில் யாரும் இலையில் கை வைக்க முடியாது.

அன்று ராத்திரி விருந்துக்குச் சமையற்காரி மாடத்தி காளான் குழம்பு வைத்திருந்தாள். வந்தவர்கள் எலும்பை விட்டுவிட்டுக் குழம்பைப் புகழ்ந்தார்கள். ஜமீன்தாருக்குப் பொறுக்குமா?

"மாடத்தி! என் கடல்பசுவைவிட உன் காளான் எதுல உசத்தி? சொல்லு. இல்லேன்னா நாளையிலேருந்து அடுப்படிப் பக்கம் வராதே."

"கடல்பசு எப்படி எசமான் அழிஞ்சுது?"

"பரம சாது. கறியும் ருசி. கப்பல்காரங்க அடிச்சுத் தின்னே தீர்த்துட்டாங்க."

"காளானும் ருசிதான் எசமான். ஆனா அதுல ஆளைக் கொல்றதும் உண்டு. அதனாலதான் காளான் வச்சா, சமைச்சவ முதல்ல உங்க முன்னால சாப்பிடணும்னு சொல்லியிருக்கீங்க. இன்னிக்கு எலும்புப் பெருமையில மறந்துட்டீங்க."

ஜமீன்தாருக்குக் குப்பென்று வியர்த்தது. "ஐயோ, வைத்தியரைக் கூப்பிடுங்க!"

"பயப்படாதீங்க எசமான். மத்தியானமே ரெண்டு கிண்ணம் சாப்பிட்டுட்டு நல்லாத்தானே நிக்கிறேன். அவ்வளவு பெரிய கடல்பசுவுக்கு ஒருத்தரும் பயப்படலை, அழிஞ்சுபோச்சு. விரல் அளவு காளானுக்கு நீங்களே நடுங்குறீங்க. அதான் உசத்தி."

கூடமே சிரித்தது. ஜமீன்தார் எலும்பைப் பார்த்தார், குழம்பைப் பார்த்தார்.

"சரி, சரி. இன்னொரு கரண்டி ஊத்து," என்றார். உடனே கையால் இலையை மூடிக்கொண்டு, "முதல்ல நீ ஒரு வாய் சாப்பிடு," என்றார்.