மெனு சொல்லும் குரல்

திருஞானத்துக்குக் குரு வாய்த்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு முப்பத்தாறு. பெயர் தில்ஷாத். திருச்சி மலைக்கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடிக் கடையில், பழைய பாட்டு பிளேயர்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்மணி.

கம்பெனியே கைவிட்ட பிளேயர் என்றாலும், உள்ளே இருக்கும் மென்பொருளைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போட்டு உயிர் கொடுத்துவிடுவார். அந்த வேறொன்றுக்கு முதலாளி கிடையாது. எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதியது. யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். திருத்தியது நன்றாக இருந்தால் எல்லோருக்கும் போய்ச் சேரும். அதில் தமிழுக்கான பகுதி தில்ஷாத்தின் பொறுப்பு. அவரிடம் அந்த வேலையைப் பழகிக்கொண்டிருந்தார் திருஞானம்.

அந்த மென்பொருள் கண் தெரியாதவர்களுக்காக மெனுவை வாய்விட்டுச் சொல்லும். பட்டனை அழுத்தினால் ‘பாடல்கள்’ என்னும். இன்னொரு முறை அழுத்தினால் ‘கோப்புகள்’, அப்புறம் ‘வானொலி’. தமிழில் அதைச் சொன்னது திருஞானத்தின் குரல்.

சும்மா குரலா அது? முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டு மைக்கில் ஊர் பெயர் சொன்ன குரல். அவர் ‘விராலிமலை’ என்றால் அந்தப் பக்கம் வேலையே இல்லாதவனும் பையைத் தூக்குவான். ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்த மனுஷனுக்கு, தன் குரல் யார் யார் காதிலோ இன்னும் பேசுகிறது என்பதுதான் தெம்பு.

ஐந்து மாதம் முன்பு பெலிக்ஸ் வந்து சேர்ந்தார். தபால் ஆபீஸ்காரர். சனிக்கிழமை மட்டும் வருவார். வாயைத் திறந்தால் சளி பிடித்த மாதிரி ஒரு மெல்லிய குரல். புதிய பதிப்பில் திருஞானத்தின் குரலை எடுத்துவிட்டு, அந்தக் குரலைச் சேர்த்திருந்தார் குரு.

திருஞானத்துக்கு வயிறு எரிந்தது. இதற்குப் பெயர் பொறாமை என்று அவருக்கே தெரிந்தது. தெரிந்ததால் எரிச்சல் ஒன்றும் குறையவில்லை.

“என் குரல்ல என்ன குறை, மேடம்?”

தில்ஷாத் ஒரு பிளேயரின் பின்மூடியை நெம்பிக்கொண்டிருந்தார். “குறை ஒண்ணும் இல்ல சார்.”

“பின்னே ஏன் எடுத்தீங்க?”

“சாயங்காலம் செண்பகவல்லி டீச்சர் வர்றாங்க. அவங்க பிளேயர் இந்தா இருக்கு. புதுப் பதிப்பை நீங்களே போட்டு வச்சிருங்க.”

கேட்ட கேள்வி ஒன்று, வந்த பதில் ஒன்று. திருஞானம் பிளேயரை வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

செண்பகவல்லிக்குக் கண் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறார். பாடக் குறிப்புகளைப் பேசிப் பதிவு செய்து பிளேயரில் வைத்திருப்பார். ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு நடக்கிற நேரத்துக்குள், வேண்டிய குறிப்பைத் தேடிப் பிடித்துக் கேட்டாக வேண்டும். கிடைக்காவிட்டால் நாற்பது பிள்ளைகள் முன்னால் தடுமாற்றம்தான்.

பழைய பதிப்பை அழித்தார். புதியதை ஏற்றினார். கடைசியாகக் குரல் ஃபைல். திரையில் இரண்டு இருந்தன: பெலிக்ஸுடையது, பழைய பதிப்பில் இருந்த அவருடையது.

கை தன்னுடையதற்குத்தான் போனது. டீச்சருக்குப் பழகிய குரலை மாற்றுவது பாவம் என்று மனசுக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் டீச்சர் வந்தார். இயர்போனை மாட்டி நாலைந்து முறை பட்டனை அழுத்தினார். முகம் சுருங்கியது.

“புதுசு போட்டாச்சா சார்?”

“போட்டாச்சு டீச்சர்.”

“பழையபடியே காத்துக்கிட்டு நிக்க வேண்டியிருக்கே. பெலிக்ஸ் சார் காட்டினதுல இப்படி இல்லியே.”

தில்ஷாத் நிமிர்ந்து பார்த்தார். திருஞானம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனாலும் ஆசை விடவில்லை.

“குரல் எப்படி டீச்சர் இருக்கு? அது நான் பேசினது.”

“அட, நீங்களா! வாங்கின முதல் வாரம் முழுசாக் கேட்டேன் சார். கம்பீரமான குரல். அதுக்கப்புறம் கேட்டதே இல்ல.”

“தினமும்தானே கேக்கறீங்க?”

“எங்க சார்! ‘பா’ன்னு வந்தா பாடல்கள். ‘கோ’ன்னு வந்தா கோப்புகள். முதல் எழுத்து காதுல விழுந்ததும் அடுத்த பட்டனை அமுக்கிருவேன். ஆனா அந்த எழுத்து வர்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன இடம் சத்தமில்லாம கிடக்கு. ஒவ்வொரு வார்த்தைக்கும். நீங்க மூச்சு இழுக்கறீங்க போல.”

மைக் முன்னால் மூச்சை இழுத்து நிறுத்திவிட்டுத்தான் பேசுவார் அவர். அதுதான் அழகு என்று முப்பது வருஷமாக நம்பியிருந்தார்.

தில்ஷாத் கேபிளை அவர் பக்கம் தள்ளினார். “சார், அவங்க கேட்டதைப் போட்டுக் குடுங்க.”

குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் தேவலை என்று திருஞானத்துக்குத் தோன்றியது. தன் ஃபைலைத் தானே அழித்தார். பெலிக்ஸுடையதை ஏற்றினார்.

டீச்சர் ஒரு காதுக்கான இயர்போனை அவரிடம் நீட்டினார். “நீங்களும் கேளுங்க.”

‘பா’, ‘கோ’, ‘வா’ என்று குரல் தெறித்து விழுந்தது. எந்த வார்த்தையும் முடியவில்லை. பத்து எண்ணுவதற்குள் எட்டாம் வகுப்புக் குறிப்பு பேச ஆரம்பித்துவிட்டது. டீச்சர் சிரித்தபடி படியிறங்கிப் போனார்.

“அந்த மூச்சை மட்டும் வெட்டியிருக்கலாமே, மேடம்?”

“பெலிக்ஸ் சார் முதல்ல அதைத்தான் செஞ்சு பாத்தாரு. உங்க குரல் போகக்கூடாதுன்னு ஒரு வாரம் மல்லுக்கட்டினாரு. மூச்சு முதல் எழுத்தோட ஒட்டிக்கிட்டிருக்கு. வெட்டினா எழுத்தும் சேந்து போயிருது.”

திருஞானம் கேபிளைச் சுருட்டி வைத்தார். வெட்கமாக இருந்தது. உள்ளே ஒரு மூலையில் எரிச்சலும் இன்னும் இருந்தது.

“அப்போ அவரு குரலையும் டீச்சர் முழுசாக் கேக்க மாட்டாங்க, இல்லியா?”

“மாட்டாங்க.”

அதில் அவருக்கு ஓர் அற்ப நிம்மதி.

“பாவம், அது அவருக்குத் தெரியுமா?”

“தெரியும் சார். மூணு நாள் லீவு போட்டுட்டு டீச்சர் கூடவே பள்ளிக்கூடத்துல நடந்தாரு. அதைத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம்தான் பேசவே உக்காந்தாரு.”