பேராசிரியருக்குத் தெரியாதது

வரலாற்றுத் துறைத் தலைவர் சடகோபன், ஆய்வு மாணவர்களை விரிவுரையாளர் வேலைக்குத் தயார்படுத்துகிறேன் என்று, துணைவேந்தரையும் பக்கத்தில் உட்காரவைத்து மாதிரி நேர்காணல் நடத்தினார். கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"எனக்குத் தெரியாத ஒன்றை எனக்குக் கற்றுக்கொடு. முடியாவிட்டால் பரிந்துரைக் கடிதம் கேட்டு என்னிடம் வராதே!"

கல்வெட்டு, நாணயம் என்று யார் வாயைத் திறந்தாலும், "இது எனக்குத் தெரியாதா?" என்று விரட்டினார். ஒருத்தி அழுதுகொண்டே வெளியேறினாள்.

"அடுத்து நீ வாம்மா."

செங்கமலம் எழுந்தாள். மறுவாரம் ஒரு கல்லூரியில் அவளுக்கு நேர்காணல். கடிதமில்லாமல் போக முடியாது.

"சார், கடைசி பெஞ்சில் இருக்கிறவர் யாருன்னு தெரியுமா?"

சடகோபன் எட்டிப் பார்த்தார். "வேறு துறைப் பையன். வேடிக்கை பார்க்க வந்திருக்கான்."

"இல்லை சார். அவர் பேர் ஆரோக்கியம். உப்பளத் தொழிலாளர் வரலாற்றை ஆய்வு செய்யறார். மூணு வருஷமா அவருக்கு வழிகாட்டி நீங்கதான்."

துணைவேந்தர் மெல்லத் திரும்பினார்.

"இது உங்களுக்குத் தெரியாதுதானே, சடகோபன்? கடிதத்தை எழுதிக் கொடுங்க."

காது சிவக்க அவர் பேனாவைத் திறந்தார். முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. தலையைத் தூக்காமல் கேட்டார்:

"உன் பேர் என்னம்மா?"