ஓலையில் இருந்த விலை

மூங்கில் காட்டின் நடுவே ஒரு பெரிய குகை இருந்தது. அதில் கரடி மூக்காயி கடை வைத்திருந்தாள். உள்ளே போனால் கல் தட்டுகளில் வரிசையாகப் பொருள்கள் அடுக்கியிருக்கும். கிழங்கு, தேன், உலர்ந்த இலுப்பைப் பூ, புளியம்பழம், எல்லாம் கிடைக்கும். வேண்டியதை அவரவரே எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ளலாம். வாசலில் ஒரு குரங்கு உட்கார்ந்திருப்பான். அவனிடம் விலையைக் கொடுத்துவிட்டு வெளியே வரலாம். அந்தக் காட்டில் கழற்சிக்காய்தான் காசு.

ஒவ்வொரு தட்டின் முன்னாலும் ஒரு பனையோலைத் துண்டு செருகியிருக்கும். ஓலையில் ஒரு கோடு இருந்தால் விலை ஒரு காய். ஒரு வட்டம் இருந்தால் பத்துக் காய். ஓலை எழுதுவது மைனா கனகின் வேலை.

"ஓலையில என்ன இருக்கோ அதுதான் விலை. அதுக்கு மேல ஒரு காய்கூட வாங்க மாட்டேன்" என்று மூக்காயி எல்லோரிடமும் சொல்வாள். சொன்னபடியே நடந்தும் வந்தாள். அதனால் காடு முழுவதும் அவள் கடைக்குத்தான் வந்தது.

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. சடைச்சி என்ற முள்ளம்பன்றி கிழங்கு வாங்கக் கடைக்கு வந்தாள். அவளுக்கு இரண்டு குட்டிகள். மழை பிடித்துக்கொண்டால் வளையை விட்டு வெளியே போக முடியாது. முன்கூட்டியே கிழங்கு சேர்த்து வைத்தால்தான் குட்டிகளின் வயிறு காயாமல் இருக்கும்.

கிழங்குத் தட்டின் முன்னால் வந்து நின்றவள் ஓலையைப் பார்த்தாள். ஒரே ஒரு கோடு இருந்தது.

கண்ணை ஒருமுறை மூடித் திறந்து மறுபடியும் பார்த்தாள். கோடுதான். ஒரு கட்டுக் கிழங்கு என்றைக்குமே பத்துக் காய். இங்கே ஒரு வட்டம் இருந்திருக்க வேண்டும்.

'மழைக்காலம் வருதுன்னு விலையைக் குறைச்சிருப்பாங்களோ' என்று நினைத்தாள். ஒரு கட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். குரங்கு வேலைக்குப் புதியவன். கழுத்தைத் திருப்பி ஓலையைப் பார்த்தான்.

"ஒரு காய் கொடுங்க" என்றான்.

சடைச்சி கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே புதர் நிழலில் கும்பன் என்ற நரி படுத்திருந்தான். கடைக்கு வருகிறவர்கள் கூடையை எட்டிப் பார்ப்பதுதான் அவன் பொழுதுபோக்கு.

"என்ன சடைச்சி அக்கா, முள்ளெல்லாம் சிலிர்த்துக்கிட்டு நிக்குது. உள்ள புலி வந்திருக்கா?"

சடைச்சிக்கு மனதில் ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாது. நடந்ததைச் சொன்னாள். "கனகு கை தவறி எழுதிட்டா போலிருக்கு தம்பி. போய்ச் சொல்லிட்டு வந்துடட்டுமா?"

நரி எழுந்து உட்கார்ந்தான். "சொல்லலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். போன மழைக்கு நீ வாங்கின கிழங்குல பாதி அழுகிப் போயிருந்துச்சே. திருப்பிக் கொடுக்கப் போனப்போ மூக்காயி என்ன சொன்னா?"

சடைச்சி தலையைக் குனிந்துகொண்டாள். "வாங்கும்போதே பாத்து வாங்கியிருக்கணும்னு சொன்னா."

"அந்த மழையில உன் குட்டிங்க எப்படிக் கிடந்துச்சுங்க?"

அந்த மழையில் குட்டிகள் மரப்பட்டையைக் கடித்துக்கொண்டு கிடந்தன. அதை அவளால் மறக்க முடியவில்லை.

"வாங்கறவ பாத்து வாங்கணும்னா, விக்கறவளும் பாத்துத்தான் விக்கணும். நாம திருடலை. பொய்க் கணக்குச் சொல்லலை. அவங்க ஓலையில என்ன விலையோ அதைக் கொடுத்துத்தான் வாங்கப்போறோம். மூக்காயி தேனெடுக்க மலைக்குப் போயிருக்கா. நாளைக்குத்தான் வருவா. என்ன சொல்றே?"

நரி சொன்னதில் எங்கே ஓட்டை என்று சடைச்சிக்குப் பிடிபடவில்லை. ஓட்டையைத் தேட அவளுக்கு அவ்வளவு விருப்பமும் இல்லை.

இருவரும் உள்ளே போனார்கள். கூடை நிறைய அள்ளினார்கள். கட்டுக்கு ஒரு காய் வீதம் கொடுத்து, வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். மறுபடியும் அள்ளினார்கள். கடைசியில் தட்டில் மண் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

குரங்கு சடைச்சியைப் பார்த்தான். "இவ்வளவு கிழங்கும் எதுக்கு?"

"வீட்டுல விசேஷம்" என்றாள் சடைச்சி.

அவள் வீட்டில் ஒரு விசேஷமும் இல்லை. ஓலையில் இருந்த விலை உண்மையிலேயே சரியான விலை என்று நினைத்திருந்தால் அந்தப் பொய்க்கு அவசியமே வந்திருக்காது. ஆனால் இதை அவள் அப்போது யோசிக்கவில்லை. கிழங்கை வளைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதிலேயே அவள் நினைப்பு இருந்தது.

மறுநாள் கடையில் யாருக்கும் கிழங்கு கிடைக்கவில்லை. கும்பன் தன் பங்கை ஆலமரத்தடியில் பரப்பி வைத்து, ஒரு கட்டு எட்டுக் காய் என்று விற்றான். கடையைவிட மலிவு என்று முயல்கள் வரிசையில் நின்று வாங்கின. போகும்போது அவனுக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போயின.

மூக்காயி மலையிலிருந்து திரும்பி வந்தாள். காலித் தட்டையும் ஓலையையும் பார்த்தாள். கவனிக்காமல் விற்றதற்குக் குரங்கைத் திட்டினாளே தவிர, யார் வாங்கினார்கள் என்று கேட்கவில்லை. "ஓலையில இருந்த விலைக்கு வித்தாச்சு. வித்தது வித்ததுதான்" என்றாள். ஆனால் கனகைக் கூப்பிட்டு, மழை முடியும் வரை அவளுக்கு அரைக் கூலிதான் என்று சொல்லிவிட்டாள்.

சில நாள் கழித்து ஆற்றங்கரையில் சடைச்சி கனகைப் பார்த்தாள். மைனா காய்ந்த யானை லத்தியைக் கிளறிக்கொண்டிருந்தாள். உள்ளே செரிக்காமல் கிடந்த விதைகளைப் பொறுக்கி ஓர் இலையில் சேர்த்தாள்.

"இது எதுக்கு கனகு?" என்று கேட்டாள் சடைச்சி.

"குஞ்சுங்களுக்குத்தான் அக்கா. கூலி பத்தலை. நான் வட்டத்துக்குப் பதிலா ஒரு கோடு போட்டுத் தொலைச்சுட்டேன். குஞ்சுக்கு உடம்பு சரியில்லைன்னு அன்னைக்குப் பூரா மனசு வீட்டுலயே இருந்துச்சு." கனகு ஒரு விதையை ஊதிச் சுத்தம் செய்தாள். "ஒரு கட்டு, ரெண்டு கட்டு போயிருந்தா முதலாளியம்மா கண்டுக்கவே மாட்டாங்க. யாரோ மொத்தத்தையும் வழிச்சுட்டுப் போயிட்டாங்க. தெரிஞ்சே எடுத்திருக்காங்க அக்கா. தெரியாம எடுக்கறவங்க தட்டுல கொஞ்சமாவது மிச்சம் வைப்பாங்க."

சடைச்சிக்கு வாய் வரை ஒரு வார்த்தை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "மழை வர்ற மாதிரி இருக்கு" என்று சொல்லி நடையைக் கட்டினாள்.

அன்று அவளால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. ஆனால் மறுநாள் சாப்பிட்டாள். அடுத்த நாள் கடைக்கும் போனாள்.

இப்போது கடைக்குள் அவள் நடக்கும் விதமே மாறியிருந்தது. முன்பெல்லாம் பொருளை முகர்ந்து பார்ப்பாள், தட்டிப் பார்ப்பாள். இப்போது அவள் கண் ஓலைகள் மேல்தான் மேய்ந்தது. எதிலாவது கோடு குறைந்திருக்கிறதா, வட்டம் விட்டுப்போயிருக்கிறதா என்று தட்டுத் தட்டாகப் பார்த்தாள். ஒன்றுமில்லை. கனகு இப்போது ஒவ்வொரு ஓலையையும் எழுதி, படித்து, மறுபடியும் படித்த பிறகுதான் செருகினாள். சடைச்சி வெறும் கூடையோடு திரும்பினாள். தனக்குச் சேரவேண்டியது எதையோ கடை கொடுக்காமல் வைத்துக்கொண்டது போல அவளுக்கு எரிச்சல் வந்தது.

"தப்பு தானா வரலைன்னா நாமதான் வரவைக்கணும்" என்றான் கும்பன். "தேன்கூட்டுக்கு மூணு வட்டம். அந்த ஓலையை எடுத்துட்டு ஒரு கோடு போட்ட ஓலையைச் செருகினா முடிஞ்சுது. உன் முதுகு பூரா எழுத்தாணிதானே."

சடைச்சி திடுக்கிட்டாள். "அது திருட்டு தம்பி. அது கனகு எழுதின ஓலை இல்லையே."

"போன தடவை கனகு எழுதினது மட்டும் உனக்காக எழுதினதா? அவ எழுத நினைச்சது வட்டம். அது உனக்கும் தெரியும். தெரிஞ்சுதானே எடுத்தே? இப்ப மட்டும் என்ன புதுசா?"

போன முறை செய்தது சரி என்றால் இதற்கும் அதற்கும் பெரிய தூரமில்லை. இது தப்பு என்றால் போன முறை செய்ததையும் தப்பு என்றுதான் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினாள். வலித்தது. ஓலையில் கனகு போடுவது போலவே, மேலே தடித்துக் கீழே மெலிந்த ஒரு கோடு கீறினாள்.

மறுநாள் காலையில் கடைக்குப் போய், யாரும் பார்க்காத நேரத்தில் ஓலையை மாற்றினாள். ஒரு தேன்கூட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நரி வெளியே புதரடியில் காத்திருந்தான்.

குரங்கு தேன்கூட்டைப் பார்த்தான். பிறகு ஓலையைப் பார்த்தான். ஒருமுறை திட்டு வாங்கியவன் அவன். "கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு மூக்காயியைக் கூட்டிவந்தான்.

மூக்காயி ஓலையை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். "கனகு, இங்க வா."

கனகு பறந்து வந்து கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

"இது என்ன?"

கனகு ஓலையைப் பார்த்தாள். "நான் மூணு வட்டம்தான் போட்டேன் முதலாளியம்மா."

"இது உன் கோடு இல்லையா?"

கனகு அந்தக் கோட்டை உற்றுப் பார்த்தாள். தடித்து மெலிந்த அந்தக் கோடு அவள் கோடு போலவேதான் இருந்தது. "என் கோடு மாதிரிதான் இருக்கு" என்றாள் மெதுவாக. "நான்தான் எழுதியிருப்பேன் போல. எனக்கு இப்ப எதுவுமே நிச்சயமாத் தெரியலை."

மூக்காயி பெருமூச்சு விட்டாள். "ரெண்டு தரம் ஆயிடுச்சு கனகு. இனி உன்னை வச்சுக் கடை நடத்த முடியாது. இன்னையோட நின்னுக்கோ." பிறகு சடைச்சியின் பக்கம் திரும்பினாள். "உன் மேல தப்பில்லை. ஓலையில ஒரு கோடு இருக்கு. ஒரு காய் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போ."

தேன்கூடு சடைச்சியின் கையில் இருந்தது. வாசல் பக்கத்திலேயே இருந்தது. வெளியே முதல் மழை தூற ஆரம்பித்திருந்தது. கனகு தன் எழுத்தாணியைக் கல்லின் மேல் வைத்தாள். இறக்கையை விரிக்கப் போனாள்.

"அது அவ கோடு இல்லை" என்றாள் சடைச்சி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது என் முள்ளு கீறின கோடு. அவளோட ஓலையை நான்தான் எடுத்துட்டேன்." மடியிலிருந்து மூன்று வட்டம் போட்ட ஓலையை எடுத்துக் கல்லின் மேல் வைத்தாள்.

மூக்காயி இரண்டு ஓலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "கிழங்கும் நீதானா?"

"ஓலையில இருந்த விலையைக் கொடுத்துத்தான் எடுத்தேன்."

"கொடுத்தே. நான் இல்லைன்னு சொல்லலை. அந்த விலை தப்புன்னு எடுக்கும்போது உனக்குத் தெரியுமா?"

சடைச்சி கனகைப் பார்க்கவில்லை. "தெரியும்" என்றாள். "முதல் கட்டு எடுத்தப்போ சந்தேகமா இருந்துச்சு. அப்புறம் எடுத்ததெல்லாம் தெரிஞ்சேதான் எடுத்தேன்."

வெளியே புதரடியில் சலசலப்புக் கேட்டது. கும்பன் ஓடிக்கொண்டிருந்தான். ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போனவன் இந்தப் பக்கம் திரும்பி வரவேயில்லை. கிழங்கு விற்ற காய்களும் அவனோடு போயின.

மூக்காயி கனகின் அரைக் கூலியை முழுக் கூலியாக்கினாள். பிடித்து வைத்திருந்ததையும் கொடுத்தாள். சடைச்சியிடம், "வளையில மிச்சம் இருக்கிற கிழங்கைக் கொண்டுவந்து கொடுத்துடு. மழை முடியற வரைக்கும் இந்தப் பக்கம் வராதே" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

சடைச்சி கிழங்கைச் சுமந்துகொண்டு வந்தாள். தேவைக்கு மேல் அடைத்து வைத்ததால் பாதி பூசணம் பிடித்திருந்தது. நல்லதை மட்டும் பொறுக்கிக் கொடுத்தாள்.

அந்த மழைக்காலம் முழுவதும் அவள் சேற்றில் இறங்கித் தானே கிழங்கு தோண்டினாள். ஒருநாள் கிடைக்கும், ஒருநாள் கிடைக்காது. "ஏம்மா கடைக்குப் போகலை?" என்று குட்டிகள் கேட்டன. அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அதன் பிறகு அவை கேட்கவில்லை.

மழை ஓய்ந்தது. சடைச்சி கையில் பத்துக் காயோடு கடைக்குப் போனாள். மூக்காயி அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். குரங்கும் வழிவிட்டான். அவள் கிழங்குத் தட்டை நோக்கி நடந்தாள். அப்போது எங்கிருந்தோ பறந்து வந்த கனகு, ஓலையின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். திட்டவில்லை, பேசவில்லை. சடைச்சி ஒரு கட்டை எடுத்து, விலையைக் கொடுத்து, வாசலைத் தாண்டும் வரை அந்த ஓலையை விட்டு நகரவில்லை.

பிறர் கைதவறியதைத் தெரிந்தே தன் லாபமாக்கிக்கொள்கிறவர், ஒருநாள் அந்தத் தவறைத் தாமே உண்டாக்கவும் துணிந்துவிடுவார். அதற்கான விலையை முதலில் கொடுப்பது ஒரு பாவமும் அறியாத வேறொருவராகத்தான் இருக்கும்.